துப்புரவான காகம்

சரவணை வாகீசனைப் பற்றி ஊரில் நல்லதாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: செத்தவர்களை அவர் பேச வைப்பார். கெட்டதாகச் சொல்லக்கூடியதும் ஒன்றுதான்: உயிரோடு இருக்கிறவர்களை அவர் பேச விடமாட்டார். இரண்டும் ஒரே தொழிலின் விளைவு என்பதால் இரண்டுக்கும் அவரைக் குறை சொல்ல முடியாது.

தொழிற்சாலை அவருடைய வீட்டின் முன்னறை. ஜன்னல்களுக்குப் பழைய பஞ்சு மெத்தைகளைக் கட்டிவிட்டு, வாசலில் 'சண்முகா ஒலியகம்' என்று பலகை மாட்டியிருந்தார். பழைய ஒலிப்பதிவுகளைச் சூழொலியாக்கிக் கொடுப்பதுதான் வேலை. கேட்பவரைச் சுற்றி ஒலிக்கிற சூழொலிக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஆறு வேண்டும். முன்னுக்கு இடம், வலம், நடு என்று மூன்று. பின்னுக்கு இடமும் வலமுமாக இரண்டு. ஆறாவது, மூலையில் குந்திக்கொண்டு உறுமுகிற பெட்டி. இதை உலகம் 5.1, 'ஐந்து தசம் ஒன்று' என்கிறது. ஆறு பெட்டியை வாங்க வைத்துவிட்டு ஐந்து தசம் ஒன்று என்று கணக்குக் காட்டுகிற உலகத்தில் வாகீசனுக்கு நம்பிக்கையில்லை. ஆறுமுகனை யாரும் ஐந்து தசம் ஒரு முகன் என்று கும்பிடுவதில்லையே. ஆறென்றால் ஆறு.

சண்டைக் காலத்தில் கடிதமும் தொலைபேசியும் நினைத்தபோது வந்து நினைத்தபோது நின்றன. அப்போது எங்கள் தீவுப்பகுதி ஆட்கள் தங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கசற்றில் பேசிப் பதிந்து, கொழும்புக்குப் போகிற யாராவது ஒருவருடைய பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். "தம்பி, நாங்கள் சுகம். நீ சுகமோ. சிவலை மாடு கண்டு போட்டிட்டுது." பேசியவர்கள் காலமானார்கள். கசற்றுகளை யாரோ கணினியில் ஏற்றி, இடம் மிச்சம் பிடிப்பதற்காக நெருக்கிப் பிழிந்து வைத்தார்கள். பிள்ளைகளோ இப்போது ரொறன்ரோவிலும் பாரிசிலும் வீட்டின் கீழ்த்தளத்தில் சின்னத் தியேட்டரே வைத்திருக்கிறார்கள். படம் போட்டால் ஹெலிகொப்ரர் தலைக்கு மேலால் போகிறது. அப்பு பேசினால் மட்டும் முன்பெட்டி ஒன்றுக்குள்ளிருந்து, பால்மாத் தகரப் பேணிக்குள் அகப்பட்டவர் மாதிரிப் பேசுகிறார். இது அப்புவுக்கு மரியாதைக் குறைவு. அந்த மரியாதையை மீட்டுக் கொடுக்கவே வாகீசன் அவதரித்திருந்தார்.

ஒரேயொரு மைக்கில் அகப்பட்ட குரலுக்குச் சூழல் என்று ஒன்று கிடையாது என்பது விஞ்ஞான உண்மை. அதை வாகீசன் அறிவார். வாடிக்கையாளர்கள் அறியத் தேவையில்லை. குரலை நடுப்பெட்டியில் இருத்திவிட்டு, மிச்சம் ஐந்தையும் தன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிரப்புவார். பின்னுக்கு மண்கும்பான் கடல். இடத்திலிருந்து வலத்துக்கு ஒரு சைக்கிள் மணி. தூரத்தில் கோயில் மணி. பனையோலைக் காற்று. இதனால் ஊர்காவற்றுறைக்காரர், நெடுந்தீவுக்காரர், வாழ்நாள் முழுக்கக் கொழும்பு வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருந்து செத்தவர் எல்லோருமே இன்று அதே கடற்கரையில், அதே சைக்கிள் கடந்து போக, நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை. பாரிசிலிருந்து ஒரு பெண், அந்தச் சைக்கிள் தங்கள் மாமாவுடையதுதான் என்று அடையாளம் கண்டு அழுதாராம்.

ஆனால் களஞ்சியத்தில் ராசா காகம்தான்.

திவசத்தன்று சமைத்ததில் முதற்பங்கை இலையில் வைத்து வெளியே கொண்டுபோய்க் காகத்தைக் கூப்பிட வேண்டும். போனவர் காகமாக வந்து தொட்ட பிறகுதான் வீட்டார் வாயில் வைக்கலாம். கனடாவில் மாசிப் பனிக்குள் இலையை வைத்தால் வருவது அணில். அணிலைப் பிதிராக ஏற்றுக்கொள்ளச் சமயம் இன்னும் இடம் கொடுக்கவில்லை. ஆகையால் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்து, வாகீசனின் காகத்தைப் பின்-இடப் பெட்டியால் கரைய விட்டு, மனநிறைவோடு சாப்பிடக் குந்துவார்கள். மூன்று கண்டங்களில் அந்தக் காகம் திவசம் செய்து வைத்தது.

அப்படியொரு காகம் தற்செயலாகக் கிடைப்பதில்லை. வாகீசனின் தகப்பனாருடைய திவசத்தன்றுதான் அது கிடைத்தது. மனைவி அம்பிகை கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்து மதிலில் இலையை வைத்துவிட்டு "கா… கா…" என்று கூப்பிட்டார். வாகீசன் அப்பாவை நினைக்கவேண்டிய நேரத்தில் ஜன்னலில் மைக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். முருங்கையில் வந்திருந்த காகம் நல்ல பழக்கவழக்கம் உள்ளது. அம்பிகை கூப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் மறுமொழி சொன்னது. மறுபடி அவர் கூப்பிட, மறுபடி அது சொல்ல, ஒன்றின் மேல் ஒன்று விழாமல் மாறிமாறிப் போனது. வெட்டுகிறவனுக்கு இதைவிட வசதி வேறில்லை.

அவர் கணினியில் காகத்தைப் பிரித்து வெட்டிக்கொண்டிருக்கையில் அம்பிகை தேத்தண்ணியோடு வந்து கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"இஞ்சாருங்கோ, நான் கூப்பிட்டது உதுக்குள்ள கேக்குதோ?"

"கேக்குது. அதுதானே பிரச்சினை."

"அப்ப என்னையும் சேர்த்து விடுங்கோவன். என்ர குரலாவது கனடா பாத்திட்டு வரட்டும்."

"உம்மட குரலுக்கு ஆர் அங்க அழப்போகினம்? சனம் கேக்கிறது காகத்தை."

"நான் கூப்பிட்டபடியாத்தானே அது வந்தது."

"சரி, வந்திட்டுதுதானே? இனிப் பேசாமல் இரும்."

அம்பிகை பேசாமல் இருக்கிற பிறவியல்ல. கடலைப் பதிய மண்கும்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனால், அலைக்கு நடுவே "செருப்பு நனையுது" என்பார். ஓலைக் காற்றுக்குள் கோழியை விரட்டுவார். மழைக்குள் கொடியில் கிடந்த உடுப்பை நினைத்து ஓடுவார். எந்தப் பதிவை எடுத்தாலும் அதற்குள் ஓரிடத்தில் அம்பிகை இருந்தார். வாகீசன் பொறுமைசாலி. கடலிலிருந்து அம்பிகையை எடுத்தார். காற்றிலிருந்து எடுத்தார். மழையிலிருந்து எடுத்தார். துப்புரவாக்கியதும், தொடாத பச்சைப் பதிவை ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று அழித்தார். பக்கத்து வீட்டு இரஞ்சிதத்திடம் அம்பிகை இதை ஒரு பெருமையாகவே சொல்லித் திரிந்தார். "இந்த மனிசன் என்னைக் கூட்டி அள்ளுறதுக்கெண்டே ஒரு மிசின் வச்சிருக்குது, அக்கா."

போன வருடம் மாசியில் ஒரு காலை, உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அம்பிகை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோய்க்கிற கல்லிலேயே இருந்துவிட்டார். அந்நேரம் வாகீசன் முன்னறையில், ஹெட்போனும் பஞ்சு மெத்தையுமாக, புங்குடுதீவுக் கிழவியொருத்தியின் இருமலை அகற்றிக்கொண்டிருந்தார். கடினமான இருமல். சொல்லோடு சொல்லாக ஒட்டிக்கொண்டு வருவது. இரஞ்சிதம் வந்து தோளைப் பிடித்து உலுப்பிய பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினார்.

"அவள் உம்மைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாள். வேலிக்கு அங்கால எனக்கே கேட்டுதே!"

பெரியாஸ்பத்திரிக்குப் போன ஓட்டோ பண்ணைப் பாலத்தைத் தாண்டும்வரை உயிர் நிற்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று குருக்களுக்குத் தானம் கொடுத்தார்கள். போகிற வழியில் வெயிலுக்குக் குடை, முள்ளுக்குச் செருப்பு, தாகத்துக்குச் செம்பு, படுக்கப் பாய். "பாவிச்ச சாமான் ஒண்டும் வீட்டில நிக்கப்படாது" என்று சொந்தத்தில் ஒரு பெரியமனுஷி சட்டம் சொல்ல, அம்பிகையின் கைத்தொலைபேசியும் தட்டில் ஏறியது. மேலுலகப் பாதையில் சிக்னல் இருக்குமோ என்று ஒருவரும் கேட்கவில்லை. குருக்கள் கூச்சத்தோடு பெற்றுக்கொண்டு, முறைப்படி உள்ளேயிருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, மகளுக்குக் கொடுத்தார். அதில் அவருடைய தவறென்று ஒன்றுமில்லை. தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் சாத்திரமும் இல்லை.

ஆண்டுத் திவசம் நெருங்கியபோது லண்டனிலிருந்து மகள் துஷாந்தி கூப்பிட்டாள். ஒரே பிள்ளை. பிள்ளைப்பேறு நெருங்கியிருந்ததால் செத்த வீட்டுக்கு வர முடியாமற் போனவள். கைக்குழந்தையோடு இந்த முறையும் வர வழியில்லை.

"அப்பா, அம்மான்ர குரல் ஒண்டு செய்து அனுப்புங்கோ. திவசத்துக்கு இஞ்ச போட்டுக் கேக்கவேணும். இவளுக்கும் கேக்க வைக்கவேணும்."

"செய்யலாம் பிள்ளை."

"ஊரில இருக்கிறவை எல்லாருக்கும் செய்யிறியள். அம்மாவுக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

"ஓம் ஓம், செய்வம். நல்லதாச் செய்வம்."

பிறகு, "உன்னட்டை அம்மான்ர குரல் ஒண்டும் இல்லையோ?" என்று வாகீசனே கேட்டார், தொழிற்காரன் கேட்கிற சாதாரணக் கேள்விபோல.

இருந்தது. அம்மாவும் மகளும் தினமும் முகம் பார்த்தே பேசினார்கள். முகம் பார்த்த பேச்சு காற்றோடு போய்விட்டது. குரல் செய்தி அனுப்ப மகள் படிப்பித்திருந்தும், அழுத்திய விரலைப் பேசத் தொடங்கியவுடன் எடுத்துவிடுவது அம்பிகையின் வழக்கம். அப்படி வந்து சேர்ந்த செய்திகள் துஷாந்தியிடம் பத்திரமாக இருந்தன. ஒன்றில் "பிள்" என்றிருந்தது. மற்றதில் "உது வேலை செய்".

தொலைபேசியை வைத்துவிட்டு வாகீசன் அலுமாரியைத் திறந்தார். தங்கள் கலியாண வீடியோவை எடுத்துப் போட்டார். மணப்பெண் வாய்திறந்து பேசுவது நமது வழக்கமன்று. நாதஸ்வரம் மட்டும் கேட்டது. அது முடிந்த இடத்தில் வீடியோக்காரன் சினிமாப் பாட்டுப் போட்டிருந்தான். பிறகு ஹார்ட் டிஸ்க்குகளுக்கு வந்தார். இங்கேதான் அவருக்கு நம்பிக்கை இருந்தது. எத்தனை வருடம் இந்த வீட்டுக்குள் மைக் திறந்து கிடந்தது! எங்காவது ஒரு மூலையில் ஒரு திட்டு, ஒரு தும்மல், "தேத்தண்ணி ஆறுது" என்ற ஒரு சொல் விடுபட்டிருக்காதா?

கடலைப் போட்டுக் கேட்டார். கடல் இருந்தது. காற்றைப் போட்டார். மழையைப் போட்டார். பின்பெட்டிகளுக்குள் காதை வைத்துக் கேட்டார். தீவுப்பகுதியிலேயே இவ்வளவு துப்புரவான மழை வேறெவரிடமும் இருக்காது. மற்ற ஒலிப்பதிவுக்காரர்கள் அரைகுறையாக வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய வீடுகளில் செத்த மனைவிமார் இன்னும் மூலைமுடுக்கெல்லாம் பேசிக்கொண்டிருக்கக்கூடும். வாகீசன் தன் தொழிலில் குறை வைத்தவரல்ல. நாட்கணக்காகத் தேடி, தன்னுடைய கைவேலை எவ்வளவு சுத்தமானது என்று தனக்கே நிரூபித்து முடித்தார்.

காகத்தைப் போட்டுக் கேட்டபோதுதான் பரராசசிங்கம் நினைவுக்கு வந்தார்.

சுருவில் கிராமத்தைச் சேர்ந்தவர் பரராசசிங்கம். குடும்பம் தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்த குடும்பம். இப்போது ரொறன்ரோவில் மகனோடு இருக்கிறார். காகத்தை முதன்முதலாக வாங்கியவர் அவர்தான். வாங்கிய அன்றே முறைப்பாடும் வைத்தார். "தம்பி, பின்னுக்கு வலப்பக்கத்தால ஒரு பொம்பிளை நிண்டு கா கா எண்டு கத்துறா. ஆர் அவ? எங்கட ஆக்களில்லை." அவசரத்தில் பின்-வலப் பெட்டியை வெட்டாமல் அனுப்பியிருந்தார் வாகீசன். வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டு, திருத்திய பிரதியை அனுப்பி, பழையதை அழிக்கச் சொன்னார். வாழ்க்கையில் அவர் விட்ட ஒரே பிழை.

அந்தப் பிழை இன்னும் உலகத்தில் இருந்தால்!

வாகீசன் சேர்ட் மாற்றிக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். முகம் தெரியாத அழைப்புக்கு ஏன் சேர்ட் மாற்றினார் என்பது அவருக்கே தெரியாது.

"ஆர், வாகீசனோ? என்ன தம்பி, காகத்துக்கு விலை ஏத்தப் போறீரோ?"

"இல்லை அண்ணை. அந்த முதல் அனுப்பினது, பிழையான பிரதி, அது எங்கயேன் கிடக்குதோ எண்டு…"

"அதை அழிக்கச் சொன்னீரே?"

"சொன்னனான். அழிச்சிட்டியளோ?"

"கொம்பியூட்டரில நான் ஒண்டையும் அழிக்கிறேல்லை, தம்பி. பயம். கீழ, பழைய லப்டொப்புக்குள்ள கிடக்கும். ஏன், என்னத்துக்கு?"

இந்த இடத்தில் வாகீசன் சொல்லவேண்டியது ஒரே ஒரு வசனம். 'மனுசியின் குரல் அதற்குள் இருக்கிறது, எனக்கு அதைக் கேட்கவேண்டும்.' அவ்வளவுதான். ஆனால் ஐம்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, இன்னோர் ஆண்பிள்ளையிடம், அதுவும் சுருவில் ஆளிடம், மனுசியின் குரலைக் கேட்க ஆசையாயிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அடுத்த நாளே ரொறன்ரோவில் ஒரு கலியாண மண்டபம் முழுக்க அது தெரிந்துவிடும். ஒலிப்பதிவுக்காரனிடமே மனுசியின் குரல் இல்லையாம் என்று வேறு சேர்த்துச் சொல்வார்கள். தொழிலுக்கும் கூடாது.

"சும்மாதான் அண்ணை. அந்தக் காகம் நல்ல உயிரான காகம். பிறகு வந்த பிரதியில கொஞ்சம் மங்கிப் போச்சுது. முதற்பிரதி கையில இருந்தால் நல்லம்."

"அதுக்கென்ன, தேடி அனுப்பிவிடுறன். காகத்தோட உமக்கு இவ்வளவு பாசமோ?"

"ஓம் அண்ணை."

அந்தக் கிழமை வாகீசன் வேலை ஒன்றும் செய்யவில்லை. ஆறு பெட்டிகளையும் தூசி தட்டினார். பின்-வலப் பெட்டியைக் கிணற்றடி ஜன்னலுக்கு நேராக நகர்த்தி வைத்தார். ஒரு "கா… கா…" வந்தால் போதும். அதிலிருந்து மூச்சை எடுக்கலாம், தொண்டையை எடுக்கலாம். மகளுக்கு என்னென்ன செய்து கொடுக்கலாம் என்று மனம் தொழிற்கணக்குப் போட்டது. துஷாந்தி கேட்டபோதெல்லாம், "வந்துகொண்டிருக்குது பிள்ளை" என்றார். அம்பிகை கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

திவசத்துக்கு முதல்நாள் மத்தியானம் பதிவு வந்து சேர்ந்தது. வாகீசன் ஹெட்போனை மாட்டவில்லை. எல்லாப் பெட்டியையும் திறந்துவிட்டு நடுவில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

காகம் கரைந்தது. உயிரான காகம். பிறகு ஒரு மௌனம். பிறகு காகம். பிறகு மௌனம்.

பின்-வலப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தார். திரும்பப் போட்டார். பெட்டி வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தார். வேலை செய்தது. தொலைபேசி அடித்தது.

"வந்து சேர்ந்ததோ தம்பி? எப்பிடி இருக்குது?" பரராசசிங்கத்தின் குரலில் பரிசு கொடுத்தவரின் உற்சாகம். "அந்தப் பொம்பிளை கத்திக்கொண்டிருந்தவவெல்லே, அதை அப்பிடியே அனுப்பினால் உமக்குத்தானே திரும்ப வேலை. மருமகள் தனுசியா கொம்பியூட்டர் படிச்சவ. ஏதோ ஒண்டுக்குள்ள போட்டு ஒரு நிமிசத்தில அந்த மனுசியை எடுத்துப் போட்டா. காகத்தில ஒரு கீறல் இல்லை!"

"அண்ணை, எடுக்கமுதல் இருந்தது…"

"அதுக்கு மேலயே பதிஞ்சிட்டா. லப்டொப்பையும் எறிஞ்சாச்சு. கீழ இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தது. உமக்கு அனுப்பத்தானே இவ்வளவு காலம் வச்சிருந்தது மாதிரிப் போச்சுது."

வாகீசன் நல்ல தொழிற்காரன். மற்றவனுடைய வேலையைக் கேட்டால் அதன் தரம் அவருக்குத் தெரியும். அவர் வெட்டும்போது வெட்டிய இடத்தில் வெறுமை விழும். அதை மறைக்கக் காற்றைப் போட்டு நிரப்புவார். தனுசியாவின் வேலையில் காற்றும் கிணற்றடியும் முருங்கையும் அப்படியே இருந்தன. அம்பிகை மட்டும் அங்கே வரவேயில்லை.

"நல்ல வேலை, அண்ணை," என்றார். "பிள்ளைக்குச் சொல்லுங்கோ. என்னாலயும் உப்பிடிச் செய்ய ஏலாது."

அடுத்த நாள் இரஞ்சிதம் வந்து சமைத்துக் கொடுத்தார். அம்பிகைக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்தார். குருக்கள் வந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். வாகீசன் ஈரவேட்டியோடு இலையைக் கொண்டுபோய் மதிலில் வைத்துவிட்டு, தொலைபேசியைக் கிணற்றுக்கட்டில் சாய்த்து வைத்தார். அதற்குள் துஷாந்தி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடியப்புறத்து இருட்டோடு இருந்தாள்.

"காகம் நிக்குதோ அப்பா?"

"முருங்கையில ஒண்டு நிக்குது."

"கூப்பிடுங்கோவன்."

வாகீசன் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவை. தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வந்தது. காகம் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"அப்பிடி இல்லை அப்பா. அம்மா மாதிரிக் கூப்பிடுங்கோ."

"கொம்மா எப்பிடிக் கூப்பிடுறவ?"

"அது…" துஷாந்தி வாயைத் திறந்து, "கா…" என்று இழுத்தாள். நிறுத்தினாள். "இல்லை. கடைசியில கொஞ்சம் ஏறி வரும். கா… ஆ…" குழந்தை தாயின் வாயையே பார்த்தது. இன்னொருமுறை முயன்றாள். பிறகு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு வருகுதில்லை, அப்பா. ஒரு வருசத்துக்குள்ளயே எனக்கு மறந்துபோச்சுது."

வாகீசன் இலையிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கிவிட்டார்.

"அந்தக் குரல் வந்துகொண்டிருக்குது எண்டியள்?"

"வந்தது. அதுக்குள்ள இல்லை, பிள்ளை. ஒண்டுக்குள்ளயும் இல்லை. நான் எல்லாத்தையும் வெட்டிப் போட்டன்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம்."

சிக்னல் போய்விட்டதோ என்று வாகீசன் குனிந்து பார்த்தார். இருந்தாள்.

"வெட்டேக்க திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருப்பியள்தானே? அந்த ஒரு கூப்பிடலை மட்டும் எத்தினைதரம் கேட்டிருப்பியள். அது எப்பிடி இருந்தது அப்பா? நினைச்சுப் பாத்துச் சொல்லுங்கோ."

வாகீசன் நினைத்துப் பார்த்தார். திரையில் அலையலையாக ஓடிய கோடு நினைவுக்கு வந்தது. அது எங்கே எழும்பியது, எங்கே அடங்கியது, எந்த இடத்தில் கத்தியை வைத்தார் என்பது துல்லியமாக நினைவுக்கு வந்தது.

"வெட்டுறவன் தொடங்கிற இடத்தையும் முடியிற இடத்தையும்தான் பாக்கிறவன், பிள்ளை," என்றார். "நடுவுக்குள்ள இருந்ததை நான் கேக்கேல்லை."

சோறு மதிலில் காய்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு இலை போடலாமா என்று குசினிக்குள்ளிருந்து இரஞ்சிதம் கேட்டார். வாகீசன் மறுபடி கூப்பிடுவதற்காக முருங்கையைப் பார்த்து நின்றார். எந்தக் குரலில் தொடங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.